ரோஸ் துளை, பச்சைத் துளை

“ஒரு ஓட்டைக்கும் இன்னொரு ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியல, இது கம்ப்யூட்டர் குரூப்பு எடுக்கப்போவுதாம்!” என்று என் சித்தப்பா சொன்னபோது, அவர் கையில் மைக் ஒயர் ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் சூடேறிய ரப்பரும் கல்யாண வீட்டுச் சாம்பாரும் கலந்த ஒரு வாடை அந்த ஒயருக்கு உண்டு. அதை நனைத்தவள் நான்தான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் எங்கள் வீடு. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவது அம்மாவின் வேலை. அந்தப் பலகைகளைச் சூளைக்குள் ஏற்றுவது அப்பாவின் வேலை. இருவரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு என்ற வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அப்பாவுக்கு, கரண்டு சம்பந்தப்பட்ட எதுவானாலும் மைக் செட் வாடகைக்கு விடும் தம்பி சொல்வதே கடைசிச் சொல். தம்பியோ, “பத்தோட நிறுத்தி அண்ணி கூட பட்டறைக்கு அனுப்புண்ணே” என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பேச்சுப் போட்டிக்கு, பேச்சைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று எங்கள் பள்ளிக்குச் சொல்லியிருந்தார்கள். பேசப்போவது நான். “மைக்கைக் கம்ப்யூட்டர்ல மாட்டணும், யாருக்காவது தெரியுமா?” என்று டீச்சர் கேட்டதும் என் கை தானாக உயர்ந்துவிட்டது. மைக் செட்காரரின் அண்ணன் மகளுக்கு மைக் தெரியாதா என்ற திமிர்தான். வீட்டில் சொன்னபோது அப்பா சோற்றிலிருந்து தலை தூக்காமலே, “மொதல்ல உன் பேச்சு அந்தப் பொட்டிக்குள்ள ஏறட்டும், அப்புறம் குரூப்பப் பத்திப் பேசலாம்” என்றார்.

உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய மைக்கின் அடியில் மூன்று கால்கள் இருந்தன; ஒயரின் ஒரு முனையில் அந்தக் கால்களுக்கான துளைகளும், மறுமுனையில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு “பெரிய பின்னு”ம் இருந்தன. பள்ளிக் கம்ப்யூட்டரின் முதுகிலோ ரோஸ், பச்சை, நீலம் என்று பென்சில்கூட நுழையாத சின்னத் துளைகள். பெரியது எப்படிச் சின்னதற்குள் போகும் என்று நான் புலம்பியதைக் கேட்ட அம்மா, “சூளையில வெச்சு எடுடி, நம்ம பொம்மையாட்டம் சுருங்கிடும்” என்று சொல்லிவிட்டு, தானே சிரித்துக்கொண்டாள்.

மைக்கைச் சோதித்துப் பார்க்க, சித்தப்பா தன் ஆம்ப்ளிஃபயரோடு பள்ளிக்கு வந்தார். ஒயர் பின்னில் வெள்ளை மண் தூசு படிந்திருந்தது. எங்கள் தெருவில் தூசோடு ஒரு பொருளை அடுத்த கைக்குக் கொடுப்பது மரியாதைக் குறைவு. சூளைக்குப் போகும் ஒவ்வொரு பொம்மையும் ஈர ஸ்பாஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் போகும். நானும் கரும்பலகை துடைக்கும் ஈரத்துணியால் பின்னை நன்றாகத் துடைத்து, தண்ணீர் வழிய வழிய ஆம்ப்ளிஃபயரில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு துளையில் செருகினேன். எண்ணெயில் அப்பளம் விழுந்ததுபோல் “படபட”வென்று ஒரு சத்தம். சித்தப்பா பாய்ந்து வந்து பிடுங்கினார்.

“என்னாடி இது, பொம்மையா? தண்ணி போட்டுத் தொடைக்கிற?”

ஓட்டைகளைப் பற்றிய அந்த வாக்கியத்தை அப்போதுதான் வகுப்பே கேட்கச் சொன்னார். ஒயரை ஜன்னலில் காயப் போட்டுவிட்டு, “நாளைக்கு உங்கப்பனையும் இட்டுனு வரேன், வந்து பாக்கட்டும்” என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கடைவீதி எலக்ட்ரிகல் கடையில், “பெரிசைச் சின்னதாக்குற ஒண்ணு வேணும்” என்று கேட்டேன். கடைக்காரர், “கன்வர்ட்டருன்னு கேளு பாப்பா, நானு வேற என்னமோன்னு பயந்துட்டேன்” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெரிய பின்னை அதன் பின்புறம் செருகினால் முன்புறம் சின்னப் பின் நீட்டியது. அத்தோடு குழப்பம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டரின் முதுகில் அந்த மூன்று நிறங்கள் நின்றன. எங்கள் ஊர் ஜங்ஷனில் பச்சை விழுந்தால்தான் வண்டி உள்ளே வரும். ஆகவே குரல் உள்ளே போக வேண்டிய வழியும் பச்சைதான் என்று முடிவு செய்து, அதிலிருந்த ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு மைக்கை மாட்டினேன். பேசினேன். திரையில் கோடு அசையவில்லை. கத்தினேன். கோடு கிடந்தபடி கிடந்தது. கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க டீச்சர் அதிலிருந்த ப்ரேயர் பாட்டை ஓடவிட்டார். ஸ்பீக்கரில் சத்தமில்லை. ஆனால் என் கைக்குள் கொசு முனகுவதுபோல் ஏதோ ஒன்று கேட்டது. மைக்கைக் காதில் வைத்தேன்.

“டீச்சர், மைக்கு பாடுது!”

“யாருக்குக் காது குத்துற?” என்றாள் பக்கத்தில் நின்ற என் வகுப்புச் சுமதி. டீச்சர் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். அவர் முகமும் என் முகம் மாதிரியே ஆனது.

குரலை வாங்கிக்கொள்ளும் மைக் எப்படிப் பாடும்? எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் சூளை நினைவுக்கு வந்தது. அதற்கு ஒரே வாசல். பலகை உள்ளே போவதும் அதன் வழியே, வெளியே வருவதும் அதன் வழியே. மைக்கும் அப்படித்தான் போல, ஆனால் இந்தப் பெட்டிக்கு மட்டும் போக ஒரு வாசல், வர ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பச்சை வெளியே வரும் வாசல் என்றால் மிச்சம் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு ரோஸில் செருகினேன். இருமியதும் திரையில் கோடு புல் முளைத்ததுபோல் சிலிர்த்தது.

சித்தப்பா அப்பாவோடு வந்தபோது பேச்சைப் பதிவு செய்து முடித்திருந்தோம். டீச்சர் ஸ்பீக்கரை மாட்டி ஓடவிட்டார். ஃபேன் சத்தத்துக்கு அடியில் எங்கோ என் குரல்.

“இது உன் கொரலா? சளி புடிச்சாப்புல இருக்குது” என்றார் அப்பா.

“சத்தமே பத்தல” என்றார் சித்தப்பா.

 அப்பா தம்பி பக்கம் திரும்பி, “ஏறிடுச்சு இல்ல? வுடு” என்றார்.

அந்தப் போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் குரூப் கிடைத்தது. இன்று என் மடிக்கணினியில் ரோஸும் இல்லை, பச்சையும் இல்லை. போவதற்கும் வருவதற்கும் ஒரே துளை, சூளை வாசல் மாதிரி. சித்தப்பாவின் ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு போனிலிருந்து ஒயரே இல்லாமல் போகிறது. நிறங்கள் மறைந்தன, குழப்பம் மறையவில்லை. கல்லூரி முடித்த கையோடு சென்னையில் ஒலிப்பதிவுப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் வகுப்பில் பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும், மேசையளவு அகலமான ஒரு பலகையைக் காட்டினார்கள். அதன் மேல் துளைகள், துளைகள், துளைகள். “புரியலன்னா கேக்கலாம்” என்றார் ஆசிரியர்.

முதலில் உயர்ந்த கை என்னுடையது.