ஞானாம்பாளின் கொலைகாரர்கள்

நாற்பதாம் பக்கம் வந்ததும் ஞானாம்பாள் நாவலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவாள். மறுநாள் களை பறிக்கும்போது, பக்கத்தில் குனிந்திருக்கும் அம்சத்திடம்தான் தீர்ப்பு முதலில் போகும். "ஒத்தாசைக்குன்னு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே வந்து நிக்கிறான் பாரு, அவன்தாண்டி. கெட்டவன் எவன் கத்தியைத் தூக்கிக்கிட்டு வர்றான்?" பெரும்பாலும் அவள் சொன்னதே நடக்கும்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பால்காரரின் படியைக் கவிழ்த்துப் பார்ப்பாள். பஸ் டிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் படிப்பாள். கழகத்துக்காரர்கள் ஓட்டுக் கேட்டு வந்து போனால், கொல்லைக்குப் போய்க் கோழிகளை எண்ணுவாள். "ஒண்ணு கூடுதலா இருந்தா என்னக்கா பண்ணுவே?" என்று அம்சம் ஒருமுறை சீண்டினாள். "அப்பத்தாண்டி பயப்படணும்."

மாதம் ஒரு நாவலை நீடாமங்கலம் ஸ்டேஷன் கடையில் வாங்கி வந்து கொடுப்பவன் கொழுந்தன் துரைராசு. கேட்டால் மட்டும் பேசுகிறவன். அவள் புருஷன் காயாரோகணம் மஞ்சள்காமாலையில் செத்துப்போனான். கருமாதி முடிந்த மூன்றாம் நாள் துரைராசு, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணி" என்று ஒரு தாளை நீட்டினான். டிக்கெட்டைக்கூடப் படிக்கிறவள் அன்று படிக்காமல் போட்டுவிட்டாள். அழுத கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை.

அவர்கள் உழும் ஆறு மா நிலம் கும்பகோணத்து மிராசுக்குச் சொந்தம். குத்தகைக்காரர் பெயரைத் தாலுகா ஆபீசில் பதியலாம் என்று சட்டம் வந்த பிறகு, அண்ணன் சாகுபடியைத் தம்பி தன் பெயருக்கு எழுதிக்கொண்ட கதைகள் ஊருக்கு ஊர் உலவின. பதிவில் பெயர் இல்லாதவளை அறுப்பு முடிந்ததும் வெளியேற்றிவிடலாம். என்ன தாள் என்று துரைராசுவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான் என்பது அவள் நாவல்களில் கற்ற பாடம். அவனோ விதைநெல் சுமந்தான், மடை பார்த்தான், ஒரு வாய்க் காப்பிகூடக் கேட்கவில்லை. அவன் செய்யச் செய்ய அவளுக்குச் சந்தேகம் கூடியது.

ஐப்பசியில் அவன் கொண்டுவந்த நாவலில் ஓர் அரிசி ஆலை முதலாளி கிணற்றில் செத்து மிதந்தார். அவருடைய தம்பி தினமும் அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுவந்தான். நாற்பதாம் பக்கம் வரை காத்திருக்க ஞானாம்பாளுக்குப் பொறுமை இல்லை. பத்தாம் பக்கத்திலேயே தம்பிக்குத் தூக்கு விதித்துவிட்டாள்.

கடைசிப் பக்கத்தில் கொலையே இல்லை. மனிதர் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறார். தம்பி சாப்பாடு கொண்டுவந்தது அண்ணி பசித்திருப்பாள் என்றுதான்.

"வழுக்கி விழுந்ததுக்கா இருநூறு பக்கம்?" என்று வயலில் கத்தினாள்.

"அவன் நல்லவனாவே இருந்துட்டுப் போகட்டுமேக்கா. உனக்கு என்ன நஷ்டம்?" என்றாள் அம்சம்.

"நல்லவன்னா முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

அதற்குப் பிறகு அன்று முழுவதும் பயிரும் களையும் சேர்ந்து அவள் கையில் வந்துகொண்டிருந்தன.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போனாள். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆறு மா. குத்தகைதாரர்: ஞானாம்பாள், காலஞ்சென்ற காயாரோகணத்தின் மனைவி.

"நீங்க கையெழுத்துப் போட்ட மனுவைக் கொண்டாந்து கொடுத்து, உங்க கொழுந்தனார் நாலு நடை அலைஞ்சாரும்மா. உங்ககிட்ட சொல்லலையா?"

ஞானாம்பாள் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, நீல மையில் இருந்த தன் பெயரின் முதல் எழுத்தை மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாள்.