மூன்று நாள் வராதவள்

என் மருமகள் அந்த மூன்று நாளும் வேலைக்குப் போனாள். சாப்பாட்டு டப்பாவை மூடி அவள் கையில் கொடுத்தவள் நான். யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலை அவளுக்கு. ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில். மவுஸ் செத்தாலும் "கம்ப்யூட்டரம்மா", மின்விசிறி சுற்றாவிட்டாலும் "கம்ப்யூட்டரம்மா". என் மகன் கப்பலில் சமையல்காரன், வருஷத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுவான். வீட்டில் சண்டைக்கும் நாங்கள் இரண்டு பேர்தான், சமாதானத்துக்கும் நாங்கள்தான்.

இந்த வருஷம் அவளை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, வருகைக் கணக்கில் ஒரு வருஷம் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. காய்ச்சலோடு போனாள். அதே ஆஸ்பத்திரியில் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்றைக்கும், என்னைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு இரண்டு மாடி இறங்கி வேலைக்குப் போனாள். வருஷம் முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.

வருகை பதிவது கம்ப்யூட்டரில். ஆஸ்பத்திரிக்கு உள்ளே மட்டும் திறக்கிற பக்கம் அது. பத்து மணிக்குள், அவரவருக்குக் கொடுத்த மெஷினில்தான் பதிய வேண்டும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் பதிந்துவிடக் கூடாதாம். ஒரு திங்கட்கிழமை எல்லா மெஷினிலும் பிரவுசர் தானாகப் புதுசாகியிருந்தது. ரகசியச் சொல்லைப் போட்டால் உள்ளே விடுவதுபோல் விட்டு, மறுபடி வாசலுக்கே தள்ளியது.

மருந்துக் கிடங்குக்காரர்தான் முதலில் வந்து நின்றார். "இருபத்திரண்டு வருஷமா வரேன். இன்னைக்கு நீ யாருன்னு கேக்குது. என் வீட்டுக்காரிகூட இப்படிக் கேட்டதில்ல."

"கேட்டிருப்பாங்க சார். உங்க காதுல விழுந்திருக்காது."

என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை நாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னாள்.

"உள்ள போனதும் அந்தப் பக்கம் ஒரு டோக்கன் கொடுக்கும் அத்தை. குக்கின்னு பேரு. பிரவுசர் அதை வாங்கி வச்சுக்கிட்டு அடுத்தடுத்த கதவுல காட்டணும். இப்ப வாங்கவே மாட்டேங்குது."

"அதுக்கு என்ன வந்துச்சு?"

"ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு பேர்ல இருக்கு. அதுக்குள்ள தெரியுற வருகைப் பக்கம் வேற மெஷின்ல, வெறும் நம்பர்ல இருக்கு. ரெண்டும் ஒரே கட்டடம்னு பிரவுசருக்குத் தெரியாது. வெளியாள்னு நினைச்சுத் தடுக்குது."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"பிரவுசர்கிட்டயா, அதிகாரிகிட்டயா?"

அதிகாரியிடம் ஆறு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள், இரண்டையும் ஒரே பேரின் கீழ் கொண்டுவரச் சொல்லி. "ஓடுறதை எதுக்கும்மா நோண்டுற?" என்று மேஜைக்குள் போட்டுவிட்டார். இப்போது அவரே, "எல்லா குக்கியையும் அனுமதிச்சு விட்டுடு, வேலை முடிஞ்சுது" என்றார். நோயாளிகள் விவரம் இருக்கிற மெஷினில் கண்ட பக்கத்துக்கும் கதவு திறக்க முடியாது என்று இவள் மறுத்துவிட்டாள். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுக்கிற அனுமதியை ஒரே இடத்திலிருந்து எல்லா மெஷினுக்கும் அனுப்ப வழி உண்டாம். அதற்குத் தலைமை அலுவலகத்து அனுமதி வர ஒரு வாரமாகும்.

அதனால் மெஷின் மெஷினாக நடந்தாள். செட்டிங்ஸைத் திறந்து, அனுமதித்த பக்கங்களில் அந்த நம்பரை மட்டும் சேர்த்து, பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். நூற்று நாற்பது மெஷின். அடித்தளத்தில் இருக்கிற தன் மெஷினை முதலில் சரிசெய்ய அவள் கிளம்பியபோது அதிகாரி தடுத்தார்.

"உன் வருகைய நான் கையால எழுதிக்கிறேன்மா. நீ முதல்ல மேல்மாடியப் பாரு, நர்சுங்க கத்துறாங்க."

அவள் நம்பினாள். இதுதான் அவள் செய்த தப்பு. செவ்வாயும் புதனும் வாசலிலேயே யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். புதன் மாலை கடைசியாகச் சரியானது அவளுடைய மெஷின்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அந்த மூன்று நாளும் பதிய முடியாமல்போன நிரந்தரப் பணியாளர்கள் வந்ததாகவே கொள்ளப்படுவார்கள். ஒப்பந்தக்காரர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கம்ப்யூட்டரில் இவள் மூன்று நாள் வராதவள்.

எந்த அறையில் எத்தனை மணிக்கு எந்த மெஷினைச் சரிசெய்தாள் என்று எழுதிவைத்த நோட்டோடு அதிகாரியிடம் போனாள். அவர் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் உன் கையெழுத்தா இருக்கேம்மா."

"நீங்க எழுதிக்கிறேன்னு சொன்னீங்க சார்."

"சொன்னேன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

கிடங்குக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருடைய மெஷின் அந்த நோட்டில் ஒன்பதாவது. மருந்துச் சீட்டை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வேலையை விட்டுவிடு என்றேன். "மறுபடி முதல் நாள்லேருந்து எண்ணணும், அவ்வளவுதான்" என்றாள். மறுநாளும் டப்பாவை மூடிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

இப்போதெல்லாம் போனதும் நேரே அடித்தளத்துக்கு இறங்குகிறாள். மேல்மாடியிலிருந்து யார் கூப்பிட்டாலும், "பத்து மணிக்கு மேல வரேன்" என்கிறாளாம். சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் அதைச் சொல்கிற குரலை ஒரு நாள் போனில் கேட்டேன். என் மருமகளின் குரல் அப்படி இருந்ததில்லை.