சன்னலோரத்து இடம்

இவ்வாண்டு என் மனைவிக்குக் கருமாதி செய்தபோது, குடும்பத்தில் முன்னரே காலமானவர்களின் பெயர்களைப் புரோகிதர் கேட்டார். அம்மா, அய்யா ஆகிய இருவர் பெயரையும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். வேறு யாரும் உண்டா என்றார். இல்லை என்றேன். என் அண்ணனுக்கு இப்போது தொண்ணூறு வயது நெருங்கியிருக்கும். அவர் பெயரை ஏன் சொல்லவில்லை என்பது என் மனைவிக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த வேறு எவரும் இப்போது இல்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் இராமேசுவரத்தில் பள்ளி ஆசிரியன். திருப்புல்லாணிக்குத் தெற்கே எங்கள் ஊரில் அய்யா தனியாக இருந்தார். பேத்தியைப் பார்க்க மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலேறி வருவார். ஞாயிறு மதியம் திரும்பிவிடுவார். ஓர் இரவுக்கு மேல் தங்கியதில்லை. யுத்தத்துக்கு முன் ரங்கூனுக்குப் போன அண்ணன் திரும்பி வருகிறபோது வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது என்பதே அவர் சொன்ன காரணம். அம்மா இறந்தபின் அவர் பார்வையும் மங்கத் தொடங்கியது. அவரை எங்களோடு வைத்துக்கொள்ள நானும் மனைவியும் விரும்பினோம். அண்ணன் இனி வரமாட்டார் என்று முடிவாகாதவரை அய்யா அந்த வீட்டை விட்டு நகரமாட்டார்.

அதை முடிவாக்க ஒரு வழி இருந்தது. காணாமற்போனவரைப் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் தகவலே இல்லையென்றால், தர்ப்பையால் அவரைப்போல் ஓர் உருவம் கட்டி, அதற்கு எரியூட்டி, இறந்தவருக்கு உரியதைச் செய்துவிடலாம். அண்ணனைப் பற்றிய தகவல் நின்று பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அய்யாவிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், அவர் வந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு நான் புரோகிதரிடம் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை வந்தவர் பேத்தியை மடியில் இருத்தி, துண்டின் முடிச்சிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்தார். ஒன்று பனையோலைக் கிலுகிலுப்பை. மற்றொன்று சிறு சங்கு.

“இது நான் முடைஞ்சது. இது ஒங்க பெரியப்பன் குடுத்தது.”

என் மனைவி சிரித்துவிட்டாள். “பாம்பன் டேசன்ல சங்கு விக்கிற பொம்பளைக அம்புட்டுப் பேரும் எங்க மூத்தாருதானா, மாமா?”

“கேலி பண்ணாத தாயி. மண்டபத்துல ஏறுனான். எளச்சுப் போயிருக்கான். எம்பக்கத்துல சன்னலோரமா உக்காந்தான். ஒண்ணும் பேசல. பாலம் முடியவும் ஆளக் காணோம்.”

ஊரில் மழை பெய்ததைச் சொல்லும் குரலில் சொன்னார். மனைவியின் சிரிப்பு நின்றது. அய்யா வேடிக்கைக்காகவும் பொய் சொல்லாதவர்.

மறுநாள் காலை கடலில் குளித்து வரலாம் என்று அவரை அழைத்துச் சென்றேன். குளித்துக் கரையேறியபோது புரோகிதர் காத்திருந்தார். அவர் முன்னே வாழையிலையில், கையும் காலும் தலையுமாக, ஒரு முழ நீளத்தில் தர்ப்பை உருவம் கிடந்தது. அய்யா அதைக் குனிந்து பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்தார்.

தீ மூட்டுமுன் புரோகிதர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “பெரியவரே, இந்தப் பன்னெண்டு வருஷத்துல உம்ம பிள்ளையை யாராவது கண்ணால பாத்ததுண்டா?”

“நேத்துப் பாத்தேன், சாமி.”

புரோகிதர் என் பக்கம் திரும்பினார். “என்ன வாத்தியாரே, பாத்தேங்கறாரே?”

“அய்யாவுக்குக் கண் தெளிவில்லை” என்றேன்.

“ஏலே, எம் பிள்ளைய அடையாளந் தெரியவா எனக்குக் கண்ணு வேணும்?”

புரோகிதர் உருவத்தைக் கையிலெடுத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முதலில் கால்கள், பிறகு கைகள், கடைசியாகத் தலை. தர்ப்பையைக் கடலில் விட்டுவிட்டு, “இதை நான் பண்ணமாட்டேன், வேற யார் கையாலயும் பண்ணிடாதேயும்” என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் அய்யாவைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. மண்டபம்வரை போய்த் திரும்பலாம் என்று நானும் ஏறினேன். பாம்பனில் இறங்கி, தனுஷ்கோடியிலிருந்து வந்த ரயிலுக்கு மாறினோம். இலங்கையிலிருந்து வந்தவர்கள் பெட்டி படுக்கைகளோடு வழியெல்லாம் நின்றார்கள். அந்த நெரிசலிலும் ஒரு பலகையில் மூவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. நான் சன்னலோரம் போகப் பார்த்தேன். அய்யா என் கையைப் பிடித்தார்.

“நீ இங்கன இரு.”

தமக்கு இந்தப் பக்கம் என்னை உட்கார்த்திவிட்டு, அவர் நடுவில் உட்கார்ந்தார். சன்னலோரம் காலியாக இருந்தது. நின்றவர்களில் எவரும் அங்கே உட்கார வரவில்லை.

ரயில் பாலத்தின்மேல் ஊர்ந்தது. இருபுறமும் தண்ணீர். எதிர்ப்பலகையில் இருந்தவர்களின் துணிகளைக் கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் சன்னலும் திறந்தே இருந்தது. ஆனால் அய்யாவின் தோளிலிருந்த துண்டு அசையவில்லை. சன்னலை மறைத்து ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அப்படித்தான் இருக்கும். காற்றின் திசைதான் காரணம் என்ற விளக்கம் எனக்கு அப்போதே தெரியும். பாலம் முடியும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மண்டபத்தில் ரயில் நின்றது. நான் இறங்கவேண்டிய இடம். அய்யா உட்கார்ந்தபடியே உறங்கியிருந்தார். தகரப்பெட்டியோடு ஏறிய நடுவயதுப் பெண் ஒருத்தி எங்கள்முன் வந்து நின்றாள்.

“அண்ணே, அங்கன ஆளு இருக்கா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள். காலையில் கடற்கரையில் நின்றுபோன காரியமும் அந்த ஒரு ‘இல்லை’யோடு முடிந்திருக்கும். அதை அறிய அய்யா விழித்துக்கொண்டுகூட இல்லை.

“இருக்கு” என்றேன்.

அவள் அந்த இடத்தை ஏறிட்டுப் பார்த்தாள். வேற்று ஆணின் எதிரில் செய்வதுபோல் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, சற்று விலகி, தன் பெட்டியின்மேலேயே உட்கார்ந்தாள். நான் மண்டபத்தில் இறங்கவில்லை. ஊர்வரை போய், அய்யாவை அவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். எங்களோடு வந்து இருக்கும்படி அதன்பிறகு அவரை நான் அழைக்கவே இல்லை.