மீதி ஒரு முறை

குவபாரா ஷிஸுயே அக்காவை ஹிமி துறைமுகத்தில் தெரியாதவர்கள் இல்லை. மீன் ஏலக்கூடத்தில் பெட்டிகளுக்கு ஐஸ் போடுகிறவர். கோடையிலும் விரல்கள் சிவந்தே இருக்கும். கணவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் தோமோயோ, குரல் நடிகையாகப் போகிறேன் என்று டோக்கியோவுக்குக் கிளம்பியவள். ஆறு வருஷத்தில் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் ஒரு குரல், கடைக்காரி, ஒரு தடவை வாத்து.

தொண்ணூற்றேழில்தான் உருப்படியாக ஒரு வேடம் வந்தது. அதுவும் வீடியோ கேமில். சூப்பர் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டிக்கு அடியில் இன்னொரு பெட்டியைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியாகக் கேமை மெமரி பேக் என்ற சின்ன வில்லையில் இறக்கிக்கொள்ளும் வசதி அப்போது இருந்தது. சில கேம்கள் குறித்த நேரத்தில் குரலோடு வரும். நடிகர்கள் பேசப் பேச நாம் வீட்டிலிருந்து விளையாட வேண்டும். தோமோயோ கலங்கரை விளக்கக் காவலரின் மகளாக வருகிறாள். மாலை ஆறு இருபத்திரண்டுக்கு ஒன்பது வரி பேசுவாள்.

அக்கா நேராக என் எலக்ட்ரிக் கடைக்கு வந்தார்.

"இசுருகி, அந்தப் பெட்டியும் டிஷ்ஷும் எனக்கு வேணும்."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். ஏன், எனக்குக் கை இல்லையா?"

ஏலக்கூடத்துப் பெண்கள் சும்மா விடவில்லை. "ஷிஸுயே, கேம்ல யாரையாவது வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிடாதடி. இங்க ஐஸ் போட ஆளில்லை" என்று சீண்டினார்கள். அக்கா சிரித்துக்கொண்டே செய்தித்தாளின் நிகழ்ச்சிப் பக்கத்தைக் கிழித்து, அந்த நேரத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொண்டார்.

ஒளிபரப்பு அன்றைக்கு நானும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டிஷ்ஷைத் திருப்பி வைத்தது நான். எனக்குத் தெரியாத கம்பி உலகத்தில் இல்லை என்ற திமிர் வேறு. ஆறு மணிக்கு முன்பே அக்கா டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, புதுக் கேசட்டைப் போட்டு ஓடவிட்டிருந்தார். கேசட்டின் மேல் பேனாவால் எழுதியிருந்தார்: தோமோயோ, 6.22.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எந்தக் காலத்துல இருக்கீங்கக்கா? எல்லாம் இந்த மெமரி பேக்லயே பதிஞ்சிடும். அணைங்க, அணைங்க."

அணைத்துவிட்டார். என்னை நம்பினார்.

ஆறு இருபத்திரண்டுக்கு விளக்கோடு ஒரு சின்னப் பொம்மைப் பெண் திரைக்கு வந்தாள். "இருட்டா இருக்கு, என் கையைப் பிடிச்சுக்கோங்க" என்றது தோமோயோவின் குரல். அக்கா கேமை விளையாட மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்தக் கேமை மீண்டும் திறக்க, மீதி ஒரு முறை.

அடுத்த ஜனவரியில் டோக்கியோவில் பெரிய பனி. பனியிலேயே பிறந்து வளர்ந்த பெண், அந்த ஊர்ப் பனியில் வழுக்கி வந்த லாரியில் அடிபட்டுச் செத்தாள். வயது இருபத்தேழு.

அந்த மெமரி பேக் துணியில் சுற்றி வீட்டுப் புத்த மாடத்துக்குள் போயிற்று. சில வருஷத்தில் ஒளிபரப்பே நின்றுவிட்டது. டிஷ்ஷைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். குளிர்காலம் முழுக்கத் துடைப்பத்தால் அதன் மேல் விழுந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை போட்டுக் கேட்டுடுங்களேன்" என்றேன் ஒருநாள்.

"கேட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு, தம்பி?"

இறந்த பன்னிரண்டாம் வருஷம், இறந்த நாளையும் ஒன்றாக எண்ணும் எங்கள் வழக்கப்படி, பதின்மூன்றாம் நினைவு நாள் வந்தது. பெட்டி இன்னும் எத்தனை நாள் உயிரோடு இருக்குமோ என்று பயந்து, அன்றைக்குப் போட்டுவிடலாம் என்று அக்கா முடிவு செய்தார். பிக்கு ஓதிவிட்டுப் போனார். சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அக்காவின் நாத்தனார், இன்னும் நாலு சொந்தக்காரர்கள், தோமோயோவோடு அதே கேமில் பேசிய டோக்கியோத் தோழி. கம்பிகளை மாட்டியது நான்.

கேமுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடும். அது ஆறு இருபத்திரண்டைக் காட்டியது. விளக்கோடு பெண் வந்தாள். நின்றாள். இசை மட்டும் கேட்டது.

"சத்தத்தைக் கூட்டுப்பா" என்றார் நாத்தனார்.

கூட்டினேன். இசைதான் கூடியது.

தோழிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "குரல் ரேடியோ மாதிரி தனியா வந்ததுங்க. நாங்க நேரடியாப் பேசினோம், யாரும் பதியலை. பேக்ல அது ஏறாது."

பொம்மைப் பெண் பேசாமலே விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மீதி இல்லை என்றது திரை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அன்று அணைங்க என்றது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா வாசல்வரை வந்து குனிந்து வணங்கினார். "உனக்கு வீண் சிரமம், தம்பி. அன்னிக்கு டேப்பை நான் அணைச்சிருக்கக் கூடாது. என் புத்தி."

கையில் அந்தக் கேசட்டைத் திணித்தார். "இதுல ஒண்ணுமே பதியலை. புதுசுதான். கடைக்கு ஆகும்."

கடைக்கு வந்ததும் போட்டுப் பார்த்தேன். துணி உரசும் சத்தம். அக்காவின் இருமல். பிறகு ஒரு ஆள் சிரிக்கிறான். "எந்தக் காலத்துல இருக்கீங்கக்கா? எல்லாம் இந்த மெமரி பேக்லயே பதிஞ்சிடும். அணைங்க, அணைங்க."

அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு வெறும் இரைச்சல். முழுவதும் கேட்டேன்.