சனிக்கிழமை மனுவும் கிரெனடா தீவும்

1999 ஏப்ரல், மூன்றாம் சனிக்கிழமை. காலை 8.20.

பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையத்தில் நியூயார்க் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் மகள் வசந்தி, அவளுடைய பத்து வயது மகள் சுபா. என் பையில் மூன்று பொட்டலம் எலுமிச்சம்பழச் சோறு, ஒரு டப்பா தயிர்ச்சோறு, பிளாஸ்டிக் உறைக்குள் நான் கைப்பட எழுதிய மனு ஒன்று.

பிளெய்ன்ஸ்பரோவில் மகள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. நயாகரா அருவியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது கிரெனடா என்ற தீவு நாட்டுக்குப் போய்வந்த கதை. கப்பல் இல்லை, விமானம் இல்லை. பாஸ்போர்ட்டைக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

சுபாவின் வகுப்பில் ஆளுக்கொரு நாட்டைச் சீட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். தோழிகளுக்குப் பிரான்ஸ், ஜப்பான், பிரேசில். இவளுக்குக் கிரெனடா. அன்று மாலை ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் முகத்தைப் பார்க்கணுமே! நிலம், மக்கள், அரசு, பொருளாதாரம் என்று நாலு தலைப்பில் எழுத வேண்டும். அதெல்லாம் மாப்பிள்ளை இன்டர்நெட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஐந்தாவது தலைப்புதான் இடித்தது: அந்த நாட்டுக்காரர் ஒருவரை நேரில் பேட்டி காண வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள்.

நான்தான் வழி சொன்னேன். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை இருக்கிறது. கிரெனடாவுக்கு அங்கே ஓர் அலுவலகம் இருந்தே தீரும். நேரில் போய் மனு கொடுத்தால் எந்தத் தூதர் மறுப்பார்? அம்பாசமுத்திரத்தில் துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்து மூன்று வருட சர்வீஸ். மனு என்றால் எனக்குக் கை அரிக்கும்.

“அப்பா, நான் ஃப்ரைடே லீவ் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போறேன். இங்க சாட்டர்டே ஆபீஸ் எல்லாம் இருக்காது” என்றாள் வசந்தி.

“அது அமெரிக்கா ஆபீஸ்மா. இது வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டு ஆபீஸ், நம்மள மாதிரி. ரெண்டாம் சனி போன வாரமே போயிட்டு. அரை நாளாவது இருப்பாங்க” என்று அடித்துச் சொன்னேன்.

அவளுக்கும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்கு வரவிருந்த இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கலைச் சரிசெய்யும் வேலை தலைக்கு மேல் இருந்தது. சரி என்றுவிட்டாள்.

9.45. நாற்பத்தெட்டு மைலை ஒன்றே கால் மணி நேரத்தில் கடந்து பென் ஸ்டேஷனில் இறங்கினோம். வழியெல்லாம் சுபா வகுப்புக்காகத் தயாரித்த தன் அட்டையைப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். வெனிசுவேலாவுக்கு வடக்கே நூறு மைலில், எரிமலை கக்கி உண்டான தீவு. எரிமலை வாயில் இப்போது ஏரி இருக்கிறதாம். பக்கத்திலுள்ள இரண்டு குட்டித் தீவுகளையும் சேர்த்து 133 சதுர மைல். நான் மனதுக்குள் பெருக்கினேன்: எண்பத்தைந்தாயிரம் ஏக்கர். எங்கள் தாலுகாவைவிடச் சிறிய இடத்துக்கு ஒரு பிரதமரும் பாராளுமன்றமுமா என்று ஏளனமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குக் கூலி ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.

10.30. ஐக்கிய நாடுகள் சபைக்கு அருகே உயரமான கட்டடம். வாசலில் நின்ற காவலர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை வரலாம்.

“தாத்தா, இட்ஸ் குளோஸ்டு” என்றாள் சுபா. உதடு துடித்தது. “ஐ டோல்ட் எவ்ரிபடி. என் தாத்தா என்னை எம்பஸிக்குக் கூட்டிட்டுப் போறார்னு ஹோல் கிளாஸ்கிட்டயும் சொல்லிட்டேன்!”

கோபத்தில் கடைசி வாக்கியம் ஏறக்குறைய தமிழிலேயே வந்துவிட்டது. அந்த நாலு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான தமிழ் அதுதான். சந்தோஷப்படக்கூட என்னால் முடியவில்லை. வசந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அம்மாவும் இப்படித்தான், சொல்லாமலே சொல்லிவிடுவாள். வெட்கமாக இருந்தது. ஊரில் எத்தனை பேரை நாளை வா என்று அனுப்பியிருப்பேன்!

காவலருக்கே மனம் பொறுக்கவில்லை. அவர் டிரினிடாட்காரர். “அழாதே குட்டி. இங்கே இருப்பது கிரெனடாவின் நாற்காலி மேசை. கிரெனடா புரூக்ளினில் இருக்கிறது. சர்ச் அவென்யூவில் இறங்கி, அந்தக் கொடி தொங்குகிற கடையைத் தேடுங்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

பாதாள ரயிலுக்கு டிக்கெட் இல்லை, ஆளுக்கு ஒன்றரை டாலருக்கு ஒரு டோக்கன் வில்லை. நம் காசுக்கு அறுபத்து நாலு ரூபாய். அம்பாசமுத்திரத்திலிருந்து மதுரைக்கே போய்விடலாம். இரண்டாம் எண் வண்டியில் முக்கால் மணி நேரம். டைம்ஸ் சதுக்கத்தில் சுற்றுலாக்காரர்களும் கேமராவுமாக இருந்த பெட்டி, ஆற்றைத் தாண்டியதும் தலைப்பாகைக்காரப் பெண்களும் கூடை நிறையக் கிழங்குமாக மாறிவிட்டது.

12.10. சர்ச் அவென்யூ. தெருவோரத்தில் வாழைக்காய், சேனை, பச்சை மாங்காய், கட்டுக்கட்டாகக் கீரை. வசந்தி சிரிக்க ஆரம்பித்தாள். “அப்பா, பாளையங்கோட்டை மார்க்கெட்டேதான்!” கொடியைச் சுபாதான் முதலில் கண்டாள். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தவள் அல்லவா? சிவப்பு விளிம்பு, மஞ்சளும் பச்சையும், ஏழு நட்சத்திரம், ஓரத்தில் ஒரு ஜாதிக்காய். உலகத்திலேயே இந்தோனேசியாவுக்கு அடுத்தபடி ஜாதிக்காய் விளைவிப்பது இந்தச் சின்னத் தீவுதானாம்.

மளிகையும் ரொட்டியும் விற்கிற கடை. கல்லாவில் எழுபது வயது மதிக்கத்தக்க கறுப்பின அம்மாள். பெயர் ஜோசஃபின். கிரெனடாவா என்று வசந்தி கேட்டதும், “பிறந்தது, வளர்ந்தது, ஓய்வு பெற்றது எல்லாம்” என்றார். சுபாவை முன்னால் தள்ளினோம். இவ்வளவு தூரம் வந்தவளுக்கு வாய் திறக்கவில்லை. அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி தரையைப் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உறையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினேன்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டினார். ‘மிகுந்த பணிவுடனும் மரியாதையுடனும் சமர்ப்பித்துக்கொள்வது’ என்று தொடங்கும் பழைய ஆங்கில வாசகத்தைப் படித்ததும் தோள் குலுங்கச் சிரித்தார். நான் நொந்துபோனேன். அவரோ தாளின் இடது ஓரத்தைத் தடவிப் பார்த்தார். கால்வாசித் தாளை மடித்து அங்கே வெறுமையாக விடுவது எங்கள் இலாகா வழக்கம். மேலதிகாரி உத்தரவு எழுதும் இடம் அது.

“ஓரம் விட்டிருக்கிறீர்களே!” என்றார். “எந்த டிபார்ட்மென்ட்?”

“வருவாய்த் துறை. நிலம், பட்டா.”

“நான் செயின்ட் ஜார்ஜஸ் நிலப்பதிவு அலுவலகம். முப்பத்தொரு வருஷம் குமாஸ்தா.”

அப்புறம் கேட்பானேன்! சிவப்பு நாடா கட்டிய கோப்பு, கறையான் தின்ற பதிவேடு, ஓரடி நிலத்துக்கு மூன்று தலைமுறைச் சண்டை. அங்கும் அப்படியே. ஒரே துரையிடம் வேலை பழகிய இரண்டு பேர் கடல் தாண்டிச் சந்தித்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை சமாசாரத்தை வசந்தி போட்டுக்கொடுத்தாள்.

“சனிக்கிழமையா? அரசாங்கமா? சர்வீஸ் முழுக்க ஒரு சனிக்கிழமைகூட நான் அந்த நாற்காலியைத் தொட்டதில்லை” என்றார் அந்த அம்மாள். சுபா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததும் வாய் திறந்துகொண்டது.

அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. நாட்டுக்குத் தலைவி இங்கிலாந்து ராணி. ஆனால் ராணி என்ன சாப்பிடுகிறாள் என்று யாருக்கும் அக்கறை இல்லை. பிரதமர் என்ன சாப்பிடுகிறார் என்று சந்தைக்கே தெரியும். பாராளுமன்றத்தின் கீழவைக்குப் பதினைந்து பேர். இந்த ஜனவரித் தேர்தலில் பதினைந்தும் ஒரே கட்சிக்குப் போய், எதிரில் உட்கார ஆளே இல்லை. ஜனங்கள் ஒரு லட்சம் பேர். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பிறகு தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த நம் ஆட்களும் உண்டு. ரொட்டியும் கறியும் அவர்கள் கொடுத்த சீதனம். கோகோ, வாழை, வெயில் காய வரும் பயணிகள், இவற்றால்தான் காசு. “எல்லாவற்றுக்கும் மேல் இது” என்று ஒரு ஜாதிக்காயை ஓட்டோடு சுபாவின் கையில் வைத்தார்.

“வீ ஹாவ் திஸ்! அம்மா, நம்ம அஞ்சறைப் பெட்டில இருக்குல்ல?” என்றாள் சுபா.

“உனக்குக் கைக்குழந்தையில உரசிக் குடுத்தேனே, அதுதான்” என்றாள் வசந்தி.

கொண்டுபோன எலுமிச்சம்பழச் சோற்றை நால்வருமாகக் கல்லா மேசையிலேயே சாப்பிட்டோம். அந்த அம்மாள் இரண்டு தரம் வாங்கிக்கொண்டார். திராட்சை வைத்த ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். புறப்படும்போது மனுவை மறுபடி விரித்து, சுபாவிடம் பேனா கேட்டார். நான் விட்டிருந்த ஓரத்தில் சாய்வான கையெழுத்தில் எழுதினார்: பார்த்தேன். பேட்டி அளிக்கப்பட்டது. அனுமதிக்கலாம். கீழே சுருக்கொப்பம், தேதி.

திங்கள் மாலை 3.40. ஸ்கூல் பஸ்ஸிலிருந்து சுபா ஓடிவந்தாள். பிரான்ஸ்காரியும் ஜப்பான்காரியும் தொலைபேசியில்தான் பேட்டி எடுத்தார்களாம். இவள் கொண்டுபோன என் மனுவை டீச்சர் வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டாராம். “எல்லாரும் அந்த மார்ஜின் பத்தியே கேட்டாங்க தாத்தா!”

அடுத்த மாதம் ஊர் திரும்புகிறேன். எண்பத்தைந்தாயிரம் ஏக்கர் நாட்டைப் பார்த்து ரயிலில் சிரித்தவன், இன்று அதை நினைத்தால் எழுந்து நிற்கிறேன். எங்கள் தாலுகாவில் ஒரு மனு மேசை மேசையாக ஏறி இறங்கி உத்தரவு வாங்குவதற்குள் மனுதாரருக்குப் பேரன் பிறந்துவிடுவான். அந்த ஏற்ற இறக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. நான் எழுதிய ஒரு மனுவுக்கு, கொடுத்த அன்றே, நின்ற இடத்திலேயே உத்தரவு கிடைத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு சனிக்கிழமை.