வெறும் குப்பியில் தெரிந்த நீலம்

எங்கள் ஆய்வுக் குழுவில் மூன்றே பேர்தான். பேராசிரியர், எனக்கு மூத்த மாணவியான அக்கா, அப்புறம் நான். திருப்பூரில் ஒரு கல்லூரியின் பின்கட்டில் எங்கள் ஆய்வகம் இருந்தது. துத்தநாக ஆக்சைடை நானோ துகள்களாக்கி, புற ஊதா ஒளியில் அவை என்ன நிறத்தில் ஒளிர்கின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை.

அக்காவின் துகள்கள் பளீரென்ற நீலத்தில் ஒளிர்ந்தன. இப்படி ஒரு நீலத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுரை ஆய்விதழுக்குப் போயாகிவிட்டது. அக்காவின் ஆய்வேடு முழுக்க அந்த நீலத்தை நம்பித்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுப் புற ஊதா விளக்கைப் போட்டேன். மேசை ஓரத்தில் கிடந்த கைத்துணியும் நீலமாக ஒளிர்ந்தது. அது பனியன் வேஸ்ட், பனியன் தைத்து மிஞ்சும் துண்டுத்துணி. திருப்பூரில் எதைத் துடைக்கவும் அதுதான். பனியன் கம்பெனி நடத்தும் வீட்டில் பிறந்தவள் நான். வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிய வைட்னர் என்ற ரசாயனம் போடுவார்கள், அது இந்த ஒளியில் மின்னும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் துணியால்தான் மாதிரி ஊற்றும் குவார்ட்ஸ் குப்பிகளைத் துடைத்துவந்தோம்.

குப்பியை அந்தத் துணியால் துடைத்து, துகளே இல்லாமல் வெறும் ஆல்கஹாலை ஊற்றி அளந்து பார்த்தேன். வரைபடத்தில் அதே இடத்தில் அதே நீலம். அது துகளின் ஒளியல்ல, துணியிலிருந்து ஒட்டிய வைட்னரின் ஒளி.

அன்று மங்கலம் போகும் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது நிறுத்தம் தாண்டியதுகூடத் தெரியவில்லை. சாரிடம் முதலில் சொன்னால் அக்கா என்ன நினைப்பாள்? அவளிடம் சொல்லி, அவள் மறைக்கச் சொல்லிவிட்டால்? சாப்பாடு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் அக்காவிடமே போனேன்.

"வெறும் குப்பியிலயும் அந்த நீலம் வருதுங்கக்கா."

"நெசமாத்தான் சொல்லுதியா?"

துணியை விளக்கடியில் காட்டினேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவளுடைய அப்பா.

"இந்த வருசம் படிப்பு முடிஞ்சிரும்னு அப்பாட்ட சொல்லிருக்கேனே" என்றாள். அழவில்லை.

பிறகு அவளே எழுந்து குப்பிகளை அமிலத்தில் ஊறவைத்தாள். துணி படாமல் உலரவைத்து மறுபடி அளந்தோம். நீலம் போய்விட்டது. மங்கலாக ஒரு பச்சைதான் மிச்சம். இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு சாரிடம் போனோம். அவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்லவேளைங் கண்ணு, நாமளே பாத்துட்டோம்" என்றார் கடைசியில். கட்டுரையைத் திரும்பப் பெற அன்றே எழுதினார். அதன்பின் சில நாட்கள் அறைக்கதவைச் சாத்தியே வைத்திருந்தார்.

என்மேல் கோபம் வரும் என்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஆனால் ஒவ்வொரு அளவீட்டையும் என்னைத் தனியாக ஒருமுறை செய்யச் சொன்னாள். அந்த மங்கலான பச்சையைப் பற்றியே ஆய்வேட்டைத் திருப்பி எழுத அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

வாய்மொழித் தேர்வன்று அவளுடைய அப்பா லீவு போட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்கா நிதானமாகப் பதில் சொன்னாள். ஒவ்வொரு கேள்விக்கும் அவளுக்கு முன்னால் நான்தான் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.