சிவப்புச் சாக்பீஸ் போட்ட கட்டு

என் மூன்று கடிதங்களை நிறுத்தி வைத்தது நீங்கள்தான், செயலாளர் அண்ணாச்சி. தபால்காரர் இல்லை, ராணுவம் இல்லை. நீங்கள். உங்கள் மேசைக்குப் பின்னால் நிற்கிற இரும்பு அலமாரியில், கீழ்த்தட்டில், என் கண்ணால் பார்த்தேன்.

மற்றவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். இந்த அண்ணாச்சி கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். ஒரு சங்கத்துக்கும் செயலாளர். பெயர் எழுத மாட்டேன். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

நான் கடிதம் எழுத ஆரம்பித்தது தேசபக்தியால் இல்லை, முட்டிவலியால். போன ஆனி மாதம் வலது முட்டி வீங்கிப்போய், மூன்று மாதம் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கு இடைசெவல் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசல். அதைப் பார்க்க என் வீட்டுக்காரர் போய்விடுவார். நான் காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். அப்போது அண்ணாச்சி ஆபீசில் பேக்கிங் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். எல்லையில் இருக்கிற வீரர்களுக்கு வீட்டிலிருந்தே கடிதம் எழுதலாம், சங்கம் சேர்த்து அனுப்பும் என்று போட்டிருந்தது. உங்கள் பெயர், முகவரி எழுதாதீர்கள், ஒரு எண் மட்டும் போடுங்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். அரசியல் வேண்டாம். அவ்வளவுதான் விதி.

“செல்லு இருக்கும்போது கடுதாசி எதுக்குட்டி?” என்று கேட்டேன்.

“டவர் இல்லாத எடமும் இருக்காம்க்கா. வாரத்துக்கு ஒருக்கா வரிசையில நின்னு ரெண்டு நிமிசம் பேசுவாவளாம்.”

அதுதான் என்னை இழுத்தது. டவர் இல்லாத, மரம் இல்லாத, எந்த ஊர் என்று கேட்கக் கூடாத ஒரு இடம். அங்கே ஒரு ஆள் நிற்கிறான். காலையில் எழுந்ததும் அவன் முதலில் எதைப் பார்ப்பான்? எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. எந்த ஊர் என்று கேட்கத்தான் தடை. மண் என்ன நிறம் என்று கேட்கத் தடை இல்லை. கேட்டேன். மழை பெய்தால் காலில் ஒட்டுமா, எறும்பு உண்டா, காலையில் என்ன சாப்பிடுவாய், வானம் எத்தனை மணிக்கு வெளுக்கும், எல்லாம் கேட்டேன். கேட்டுவிட்டு, எங்கள் ஊரைப் பற்றியும் எழுதினேன். போன வருஷம் மழைக்கு முன்னாலேயே புழுதியில் மக்காச்சோளம் விதைத்தது, அது கதிர் பிடித்த நேரம் காட்டுப்பன்றி வந்து சாய்த்தது, என் முட்டி, கோடை உழவில் கலப்பைக் கொக்கி உடைந்த டிராக்டர். உள்ளதை உள்ளபடி.

பக்கத்து வீட்டுக்காரி வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “யக்கா, நீங்க என்ன, பரிச்சைக்குக் கேள்வித்தாளா எழுதுதீங்க?”

அவள் கடிதம் வேறு மாதிரி. பனிமலையே, சிங்கமே, எங்கள் நித்திரையின் காவலே என்று போகும். பத்துக் கடிதமும் ஒன்றே.

“எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதியிருக்கியேட்டி.”

“அவிய என்ன, பக்கத்துல பக்கத்துல உக்காந்தா படிக்கப் போறாவ?”

என் வீட்டுக்காரருக்கு வேறு எரிச்சல். “பட்டாளத்துக்காரன் பொண்டாட்டிகூட இவ்வளவு எழுத மாட்டா. எனக்கு ஒரு வாய் காப்பி கெடைக்குமா?” என்றார். முட்டி வீங்கினவளிடம் காப்பி கேட்கிற மனுஷன். நீங்களே போட்டுக் குடியுங்கள் என்றேன்.

ஆடியில் கவரை ஒட்டிக் கொடுத்தேன். ஆயுத பூஜைக்குச் சரியாகப் பதில் வந்துவிட்டது. சங்கத்துக்கு வந்த முதல் பதிலே எனக்குத்தான். அண்ணாச்சி ஆபீசில் பூஜை. மிஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரிகடலை கொடுத்து, மைக் கட்டியிருந்தார்கள். ஆட்டோ பிடித்துப் போனேன். அண்ணாச்சி மைக்கில் நாலு வரி வாசித்தார். “உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எங்கள் வீட்டில் இருந்து யாரோ பேசுவது போல் இருந்தது.” எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தைப் பிரித்தால் அது நாலு வரி இல்லை, இரண்டு தாள்.

நான் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தான். மண் சாம்பல் நிறம். காலில் ஒட்டாது, பூட்ஸுக்குள் தூசியாக இறங்கும். எறும்பைக் கண்டதில்லை, ஒரு தடவை சிலந்தி பார்த்தான், எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். காலையில் பூரி. டீயை ஊற்றின உடனே குடித்துவிட வேண்டும். இதை எல்லாம் வாசிக்கும்போது நான் தனியாகச் சிரித்தேன்.

இரண்டாவது தாளில்தான் விஷயம். அவனும் எங்கள் பக்கத்துப் பிள்ளை. எந்த ஊர் என்று எழுதவில்லை. அவர்கள் நிலத்தின் வடக்கு வரப்பில் நின்றால் கழுகுமலை தெரியும் என்று மட்டும் எழுதியிருந்தான். அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இந்த வருஷமும் புழுதியில் விதைத்திருக்கிறார். போனில் கேட்டால் எல்லாம் நல்லா இருக்கு, நீ வராதே என்கிறார். அம்மாவும் அதையே சொல்கிறாள். “அவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் பன்றி சாய்த்ததைக்கூட எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு விடுப்பு. பயிர் நின்றால் தையில் அறுவடைக்கு வருவேன். கருகினால் மறுவிதைப்புக்கு இப்போதே வர வேண்டும், அப்பா தனியாகச் செய்ய முடியாது. ஐப்பசிக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மழை எப்படி என்று உள்ளதைச் சொல்லுங்கள்.”

பெற்ற தகப்பன் சொல்வதை நம்பாமல் முகம் தெரியாத ஒருத்தியைக் கேட்கிறான். இது என்ன மாதிரி வீடு என்று முதலில் தோன்றியது. பிறகு யோசித்தால் என் மகள் சென்னையிலிருந்து பேசும்போது நானும் முட்டி நல்லா இருக்கு என்றுதான் சொல்கிறேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு மழை பெய்தது. எங்கள் நிலத்தில் முளைத்துவிட்டது. அதை எழுதினேன், ஆனால் பொறு, இன்னும் முடிவு பண்ணாதே என்றும் எழுதினேன். கரிசலில் மழை ரோட்டுக்கு இந்தப் பக்கம் பெய்யும், அந்தப் பக்கம் பெய்யாது. கடிதத்தை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, “இனிமே கவர ஒட்டாம குடுக்கச் சொல்லுதாவக்கா” என்றாள். ஒட்டாமல் கொடுத்தேன். மண்ணின் நிறம் வரை கேட்கிறவள், இது ஏன் என்று கேட்கவில்லை. அது என் தப்பு.

அதற்குப் பிறகு மழை இல்லை. பதினைந்து நாள் வெயில். எங்கள் பயிர் வாடி நின்றது. கழுகுமலைப் பக்கம் எப்படி? டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிந்திருந்தது. முட்டிக்கு ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். காலை மடக்க முடியாமல் நடைபாதையில் நீட்டியிருந்தேன்.

“யம்மா, கால உள்ள இழுங்க. பஸ்ஸுக்குள்ள வரப்பு போட்டுருக்கீங்க,” என்றார் கண்டக்டர்.

கழுகுமலைக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினேன். மலை நன்றாகத் தெரிந்தது. வழியில் இரண்டு நிலம் கருகிக் கிடந்தது. ரோட்டோரத்து நிலத்தில் ஒரு பெரியவர் குனிந்து மண்ணைத் தோண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரும்போது அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டார்.

“மொளச்சுதா?” என்று கேட்டேன்.

“மொளச்சுது. பெறவு சட்டியில போட்டு வறுத்த மாதிரி ஆயிட்டு.” கருகிய முளையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “நீங்க யாரு? நெலம் வாங்க வந்தீயளா?”

“இல்ல, சும்மா பாக்க வந்தேன்.”

“பாக்கவா? இதயா?”

“திரும்ப வெதப்பீங்களா?”

“வெதைக்கணும். ஆளு வேணும்லா.”

“பிள்ளைய இல்லையா?”

“ஒரு பய. வெளியூர்ல இருக்கான்.”

“வரச் சொல்லலாம்லா?”

“எதுக்கு? அவன் சோலிய அவன் பாக்கட்டும். இங்கன எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கேன்.”

பையன் பட்டாளத்திலா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. விதி இருக்கிறது என்று நினைத்தேன். அதுவும் போக, இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளியூரில்தான் இருக்கிறது, வயிற்றில் கை வைக்கிறவர்களும் நிறைய. அவர்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் பார்த்ததை அன்றைக்கே எழுதினேன். மலை தெரிகிற பக்கம் மூன்று நிலம் பார்த்தேன், மூன்றும் கருகிவிட்டது, ஒருவர் மறுவிதைப்புக்கு ஆள் இல்லாமல் நிற்கிறார், நீ வா. நாலு நாள் கழித்து, அவன் பதில் வந்த பிறகு எழுதியதில் மூன்றாவது கடிதம், ஒரே வரி. இப்போதே வா.

கார்த்திகை போனது. பதில் இல்லை. மார்கழியில் நானே அண்ணாச்சி ஆபீசுக்குப் போனேன். அவர் எழுந்து நின்று, நாற்காலி போடச் சொல்லி, “கால் எப்படி இருக்கு தாயி?” என்றார். நல்ல மரியாதை. அப்போதுதான் அந்தக் கட்டைப் பார்த்தேன். லேபிள் தாளில் சுற்றி, சணல் கட்டி, மேலே சிவப்புச் சாக்பீசால் குறுக்கே ஒரு கோடு.

கல்யாணத்துக்கு முன்னால் நான் இரண்டு வருஷம் பேக்கிங் வேலை பார்த்திருக்கிறேன். சிவப்புக் கோடு போட்ட பண்டல் லாரி ஏறாது. ஈரம் பிடித்து நமுத்துப்போன பெட்டி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

“அது என்ன கட்டு அண்ணாச்சி?”

அவர் மறைக்கவில்லை. “போகாத கடுதாசி தாயி. ஒங்க மூணும் அதுலதான் இருக்கு.”

“யாரு போக வேண்டாம்னா?”

“நீங்களும் பேக்கிங்ல இருந்தவிய. நமுத்த பெட்டி ஒண்ணு உள்ள இருந்தா பண்டலே கெட்டுப்போவும்லா? பய பனியில துப்பாக்கிய புடிச்சிக்கிட்டு நிக்கான். அவன்கிட்ட வெள்ளாம கருகிட்டுன்னா சொல்லுவாவ?”

“அவன் கேட்டான் அண்ணாச்சி. நீங்களும் படிச்சீங்கள்லா?”

“படிச்சேன். அதான் ஆறுதலா வேற கடுதாசி அனுப்பியாச்சு. அஞ்சாறு பிள்ளையள எழுதச் சொன்னேன்.” மேசையிலிருந்து அதன் மாதிரியை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது: இங்கே நல்ல மழை, பயிர் பச்சைப் பசேலென்று நிற்கிறது, ஊரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரியின் கையெழுத்து.

நான் கத்தவில்லை. முகவரியைக் கொடுங்கள், நானே அனுப்புகிறேன் என்றேன். விதியில் இடம் இல்லை என்றார். என் கடிதத்தைத் தரட்டுமா என்றார். வேண்டாம், நீங்கள் நிறுத்தியது உங்களிடமே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். அவளிடம் சாயங்காலம் கேட்டேன். “அவிய எழுதச் சொன்னாவ, எழுதுனேன்க்கா. யாருக்குன்னு தெரியாதே,” என்று அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அண்ணாச்சி, நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் செய்தீர்கள். ஆனால் அப்பா, அம்மா, நீங்கள், அஞ்சாறு பெண்கள், இத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொன்னால் அந்தப் பையன் எதை நம்புவான்? தையில் அறுவடைக்கு என்று விடுப்பு எழுதிக் கொடுத்திருப்பான். வந்து இறங்கினால் அறுக்க என்ன இருக்கும்? அந்தக் கட்டு ஒரு செங்கல் தடிமன் இருந்தது. அதில் என்னுடையது மூன்றுதான். மற்றவர்கள் யார், என்ன எழுதினார்கள், அவர்களிடம் யார் என்ன கேட்டிருந்தார்கள்? எனக்கு அதுவும் தெரிய வேண்டும்.

குடியரசு தினத்துக்கு உங்கள் ஆபீஸ் வாசலில் மறுபடியும் மைக் கட்டுவீர்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவன் கடிதத்தின் இரண்டாவது தாளை நான் கொண்டுவருவேன், அதை அந்த மைக்கில் வாசியுங்கள். என் மூன்றையும் வாசியுங்கள். அந்தக் கட்டை அங்கேயே பிரியுங்கள். பிறகு, இவ்வளவு தாமதமாக ஏன் வருகிறது என்று உங்கள் கையால் ஒரு தாள் எழுதி, என் கடிதங்களோடு சேர்த்து அவனுக்கு அனுப்புவீர்களா மாட்டீர்களா என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.